பூவும் பந்தியும்: காவிரி டெல்டாவில் கிறிஸ்தவம் எதற்கு இணங்கியது, எதற்கு இணங்கியிருக்கக் கூடாது

அம்மாயி விளக்கு வைக்கும் நேரத்தில் முழந்தாளிட்டுச் செபம் தொடங்கினால் முதல் சொல் ‘சர்வேசுரா’ என்றுதான் வரும். அவர் வேளாங்கண்ணிப் பக்கத்துக் கத்தோலிக்கர். அப்பாயி பொறையாற்று லுத்தரன், அவருக்கு ‘தேவன்’. அப்பாயியின் தகரப் பெட்டியில் இருந்த பழைய ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தால் ‘பராபரன்’. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் ‘கடவுள்’. ஒரே வீட்டுக் கூடத்தில் ஒருவரையே நான்கு பேர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தோம். சின்ன வயதில் அது எனக்கு வேறுபாடாகவே படவில்லை. பெரியம்மாவுக்கு ஊரில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர் இருப்பதைப் போலத்தான் அதுவும்.

வளர்ந்த பிறகுதான் அந்த நான்கு சொற்களுக்கும் பின்னால் எவ்வளவு வாக்குவாதம் இருந்தது என்று தெரிந்தது. ‘சர்வேசுரன்’ கத்தோலிக்கக் குருமார் முதலில் வழக்குக்குக் கொண்டுவந்த சொல். தரங்கம்பாடிக்கு வந்த சீர்திருத்தக்காரர்கள் கத்தோலிக்கத்தோடு எவ்வளவோ முரண்பட்டும், இந்தச் சொல்லை அவர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். அதில் ஈசுவரன் இருக்கிறான் என்று பின்னால் சிலருக்கு உறுத்தியது. 18ஆம் நூற்றாண்டில் வேதத்தைப் புதிதாக மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். அது தாயுமானவர் கண்ணிக்குக் கண்ணி உருகி அழைத்த சொல். அடுத்த நூற்றாண்டில் ‘தேவன்’ வந்தது. தேவர்கள் பலராயிற்றே, ஒருவனுக்கு அது பொருந்துமா என்ற கேள்வி அதோடு கூடவே வந்தது. ‘கடவுள்’ எல்லோருக்கும் பொதுவான சொல். அதனாலேயே அதில் கிறிஸ்தவத் தனித்தன்மை இல்லை என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

யாரும் தொடாத சுத்தமான சொல் ஒன்று தமிழில் இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு மக்களிடம் ஒரு நம்பிக்கையைச் சொல்லப் போகிறவர் அவர்கள் வீட்டுப் பாத்திரத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதில் நேற்று வைத்த குழம்பின் வாசம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆதித் திருச்சபையிலேயே இது தொடங்கிவிட்டது. யூதரல்லாதவர் விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் விசுவாசியாகலாமா என்று எருசலேமில் கூடி வாதிட்டு, வேண்டியதில்லை என்று முடிவெடுத்தார்கள். அத்தேனே பட்டணத்தில் பவுல், அங்கே அறியப்படாத தெய்வத்துக்கென்று கட்டியிருந்த பலிபீடத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்கினார். இணங்குவது விசுவாசத்துக்குப் புதிதல்ல. எதற்கு இணங்குவது என்பதில்தான் மூன்று நூற்றாண்டுகளாக நம் டெல்டாவில் தடுமாற்றம்.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் லுத்தரன் குரு சீகன்பால்குவுக்கு அப்போது 24 வயது முடிய ஒரு நாள் பாக்கி. டேனிஷ்காரர்கள் 1620-இலேயே அங்கே இடம் வாங்கிக் கோட்டை கட்டியிருந்தார்கள். கோட்டைக்காரர்களுக்கு வணிகம் போதும், தமிழ் தேவைப்படவில்லை. சீகன்பால்கு ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று குறிப்பெழுதினார். ‘உலகநீதி’யையும் ‘கொன்றைவேந்த’னையும் 1708-இலேயே ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். சாமிகளைப் பற்றியும் வழிபாடுகளைப் பற்றியும் ஊர்க்காரர்களிடம் கேட்டு, 1713-இல் ஒரு பெரிய நூலை முடித்து அனுப்பினார். ஜெர்மனியில் அவருடைய ஆதரவாளர்கள் அதை அச்சிடவில்லை. புறமதத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர், அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று நினைத்தார்கள். அந்தக் கைப்பிரதி அச்சேற 1867 வரை காத்திருந்தது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர் எழுதிக் கேட்ட கடிதங்கள். 1712 தொடங்கித் தமிழறிந்த பலருக்கும் கேள்விகளை அனுப்பினார். வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மனியில் அச்சாயின. எங்கள் வேதத்தை நீங்கள் ஏன் ஏற்பதில்லை என்பது அவற்றில் ஒரு கேள்வி. பதில் சொன்னவர்கள் ஒளிவுமறைவு வைக்கவில்லை. உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் குடிக்கிறீர்கள், பசுவைக் கொல்கிறீர்கள், சுத்தபத்தமாக இருப்பதில்லை என்ற பொருளில் எழுதினார்கள். கோட்டைக்குள் இருந்த ஐரோப்பியரின் வாழ்க்கையைத்தான் இவர்கள் கிறிஸ்தவமாகப் பார்த்திருக்கிறார்கள். இதை மறைக்காமல் தம் நாட்டுக்கு அனுப்பி அச்சிட வைத்தவரின் நேர்மையை நான் மதிக்கிறேன். சொல்ல வந்தவர் முதலில் கேட்க உட்கார்ந்தார். புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியிலேயே தமிழில் அச்சாகி முடிந்ததற்கு, அந்தக் கேட்டல்தான் அடிப்படை. நான்கே ஆண்டுகளில், 1719-இல், அவர் இறந்துவிட்டார்.

கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த இத்தாலியர் பெஸ்கி, நாம் வீரமாமுனிவர் என்று அழைப்பவர், வேறு வழியில் போனார். சீகன்பால்குவின் தமிழ் தெருவில் கேட்ட தமிழ். முனிவருக்கோ காப்பியம் வேண்டியிருந்தது. தரங்கம்பாடியாரின் தமிழைக் கண்டித்தும் எழுதினார். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்ட ‘தேம்பாவணி’யில் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் ‘வளன்’ ஆனார். காப்பிய மரபுப்படி நாட்டுப் படலம் பாட வேண்டுமே, யூதேயாவைப் பாடினார். மழை பொழிகிறது, வெள்ளம் பாய்கிறது, வயல் விளைகிறது. பாலைநிலத்து யூதேயா இங்கே மருதநிலமாகிவிட்டது. பூகோளப்படி அது தவறு. ஆனால் தண்ணீர் ஓடாத ஒரு நாட்டை இறைவன் பிறந்த நாடு என்று கொள்ளிடக் கரையில் யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த இருவரைப் போலப் புத்தகம் எழுதாமலேயே டெல்டாக்காரரின் மனத்தில் இடம்பிடித்தவர் ஜெர்மன் லுத்தரன் குரு சுவார்ட்ஸ். ஹைதர் அலியின் படையெடுப்பில் தஞ்சைச் சீமை சூறையாடப்பட்டு, கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. வெளியே குடியானவரிடம் நெல் இருந்தது; முன்பு கொடுத்ததற்கே காசு வராததால் யாரும் வண்டி பூட்டவில்லை. அரசரின் வார்த்தையும் கம்பெனியின் வார்த்தையும் செல்லாமல் போன இடத்தில், பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்னார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. பின்னர் கணக்குப் பார்த்துக் காசும் கொடுத்தார். உடையையும் உணவையும் மாற்றிக்கொள்வதைத்தான் பண்பாட்டுக்கு இணங்குவது என்று பலரும் பேசுகிறார்கள். ஒரு நெல் ஊரில் சொன்ன சொல்லுக்கு அளந்து கொடுப்பதுதான் முதல் மொழிபெயர்ப்பு என்று நான் நினைக்கிறேன். அவர் 1798-இல் இறந்தபோது, அவரைத் தகப்பனைப் போல நேசித்த இரண்டாம் சரபோஜி லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனைக் கொண்டு ஒரு பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்தார். தஞ்சைச் சிவகங்கைக் கோட்டைக்குள் இருக்கும் கிறிஸ்தவக் கோயிலில் இன்றும் அதைப் பார்க்கலாம். சரபோஜி கடைசி வரை சைவராகவே இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுவார்ட்ஸிடம் படித்த இன்னொருவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அதுவரை கோயிலில் பாடியது பெரும்பாலும் ஞானப்பாட்டு: ஜெர்மன் மெட்டு, தமிழ் வார்த்தை. குறில் நிற்க வேண்டிய இடத்தில் ராகம் இழுக்கும், நெடில் நொண்டும். அப்பாயி அவற்றை நெஞ்சுருகப் பாடுவார். ஆனாலும் பாடும்போது அவர் தமிழ் கொஞ்சம் கடல் தாண்டிய தமிழாகத்தான் ஒலிக்கும். சாஸ்திரியார் தஞ்சையின் சங்கீதத்தையே எடுத்தார். கோயில் முற்றங்களில் ஆடிய குறவஞ்சி வடிவத்தில் 1800-இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’ செய்தார். உலா வருகிறவர் பெத்லகேம் நாதர். மையல் கொள்பவள் தேவமோகினி. குறி சொல்பவள் விசுவாசக் குறத்தி. சிங்கன் வலை வீசிப் பறவை பிடிப்பதுபோல ஆத்துமாக்களைப் பிடிக்கிறான். இது வெளிநாட்டுக் குரு யாரோ யோசித்துக் கொடுத்த ‘தழுவல்’ அல்ல. தன் வீட்டுப் பாட்டில் தன் விசுவாசத்தை ஒருவர் பாடியிருக்கிறார், அவ்வளவுதான். நூறு ஆண்டு கழித்து இதே தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் தமிழிசை ஆராய்ந்து 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டதும், கீர்த்தனைகள் இயற்றியதும் இந்த மண்ணில்தான்.

சாஸ்திரியாரின் வாழ்க்கையிலேயே இக்கட்டுரையின் முள்ளும் இருக்கிறது.

1820களில் புதிதாக வந்த இளம் குருமாருக்கு எதிராகத் தஞ்சைக் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர், பெரும்பாலும் வேளாளர், திரண்டு எழுதினார்கள். சாஸ்திரியார் அவர்களின் குரல். முறையீடு நான்கு. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். திருமணத்திலும் சாவிலும் பூ வைக்கக் கூடாது என்கிறார்கள். வாத்தியத்தோடு கீர்த்தனை பாடுவதைத் தடுக்கிறார்கள். சாதி பார்க்காமல் எல்லோரையும் ஒன்றாக உட்காரச் சொல்கிறார்கள்.

இந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் இரண்டாகிறது. பூவை எடுக்காதே என்று சொல்ல அவர்களுக்கு முழு நியாயம் இருந்தது. மல்லிகைக்கும் சிலைவணக்கத்துக்கும் முடிச்சுப் போட்டவர்கள், தங்கள் ஊரில் பூ இல்லாமலா கலியாணம் செய்தார்கள்? பாட்டிலும் நியாயம் இருந்தது. நாள்தோறும் சொல்லி வந்த வேத வசனம் ஒரு நாள் காலையில் வேறு சொல்லாக மாறினால் வலிக்கும், அதுவும் புரிகிறது. ஆனால் நாலாவதாக அவர்கள் கேட்டது ஒரே அப்பத்தையும் ஒரே கிண்ணத்தையும் பங்கிடும் பந்தியில் ஒருவன் தள்ளி உட்கார வேண்டும் என்பதை. அதையும் ‘எங்கள் வழக்கம்’ என்ற அதே பையில் போட்டுக் கட்டினார்கள். எதிர்த் தரப்பினரும் அதே பையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள்: சாதியை ஒழிக்க வந்தவர்கள் பூவையும் சேர்த்துத் தூக்கி எறியச் சொன்னார்கள்.

இது தஞ்சையில் மட்டும் நடந்ததன்று. அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே, 1704-இல், ரோமிலிருந்து வந்த தூர்னோன் என்ற தூதர் புதுச்சேரியில் இருந்து ஓர் ஆணை போட்டார். மதுரை மிஷன் என்ற பெயரில் டெல்டாவிலும் பணி செய்த இயேசு சபைக் குருமாருக்கு எதிரான ஆணை அது. ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டு வைக்கும் சடங்கைத் தமிழர் அருவருப்பார்கள் என்று குருமார் விட்டிருந்தார்கள். அதை விடக் கூடாது என்றது ஆணை. பிள்ளையார் பொறித்த தாலி கூடாது, திருநீறு கூடாது என்றது. கூடவே, பறையர் வீட்டில் நோயாளி கிடந்தால் குரு அந்த வீட்டுக்குள் போய் நன்மை (திருவிருந்து) கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. கடைசி ஒன்றுதான் சுவிசேஷத்தின் உயிர்நாடி. எச்சிலைப் போலவே இதுவும் உள்ளூர் வழக்கத்தில் தலையிடுவதாகக் கருதப்பட்டு வாதிடப்பட்டது. 1744-இல் பாப்பரசர் இறுதித் தீர்ப்பு சொன்ன பிறகு, தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக் குருமாரை நியமித்துத்தான் சமாளித்தார்கள்.

தரங்கம்பாடியிலும் இதே கதைதான். 1733-இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். தமிழரில் முதல் சீர்திருத்த சபைக் குரு அவர். அதே காலத்தில் தஞ்சைப் படையில் வீரராக இருந்து, அச்சான சுவிசேஷத்தைப் படித்து வந்து சேர்ந்த ராஜநாயக்கன் தஞ்சைச் சீமையெங்கும் அடி வாங்கிக்கொண்டு உபதேசம் செய்தார். தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குப் பட்டம் கொடுத்தால் மேல்சாதியார் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று தயங்கினார்கள். 1741-இல் வேறொருவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். ராஜநாயக்கன் 1771-இல் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார். பண்பாட்டை மதிக்கிறோம் என்ற பெயரில் ஒரு சபை தன் சிறந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. இந்த வரியை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, 280 ஆண்டு கழித்தும்.

1833-இல் கல்கத்தா பேராயர் வில்சன் சாதியை முற்றாக விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் திருச்சியிலும் ஏராளமானோர் கோயிலைவிட்டு வெளியேறினார்கள். ஆணை சரியானது. ஆனால் பாட்டையும் பூவையும் பறித்த கையிலிருந்தே அது வந்ததால், சாதியைக் காப்பதைத் தமிழைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு இடம் கிடைத்தது. சின்ன விஷயத்தில் மக்களை மதிக்காதவருக்குப் பெரிய விஷயத்தில் கண்டிக்கும் உரிமை போய்விடுகிறது. இரண்டு பக்கமாகப் பிரிந்த இருக்கைகளும் கல்லறைத் தோட்டத்தில் தனித்தனி வரிசைகளும் நம் காலம் வரை வந்து சேர்ந்தன.

குருமாரும் பேராயரும் இப்படி வாதிட்டுக்கொண்டிருக்க, கடலோரத்தில் மக்கள் யாரையும் கேட்காமல் தாங்களே ஒரு வழி கண்டுகொண்டார்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணிக்குப் போய்ப் பாருங்கள். காவி உடுத்தி நாள்கணக்கில் நடந்து வந்தவர்கள், மொட்டை போட்டுக் கடலில் குளிப்பவர்கள், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுபவர்கள், கைகால் உருவம் பொறித்த வெள்ளித் தகடு காணிக்கை வைப்பவர்கள். மாதாவுக்குச் சேலை, தேர்ப்பவனி. வந்தவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்களா என்று யாரும் கேட்பதில்லை. 1962-இல் ரோம் அதற்குப் பேராலயத் தகுதி கொடுத்தது. அப்பாயிக்கு இதெல்லாம் ஒப்பாது; வேதத்தில் எங்கே இருக்கிறது என்பார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் நோயோடு வருகிறவர் யாராயிருந்தாலும் வரிசையில் யாருக்குப் பின்னாலும் நிற்கலாம் என்ற ஒன்றை, அந்த மணல்வெளி பல கோயில்களுக்கு முன்பே கற்றுக்கொண்டது.

மேற்கே குளித்தலைப் பக்கம் காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம் இதற்கு நேர்மாறு. காவியுடை, சைவ உணவு, கோபுரம், ஆரத்தி, சமஸ்கிருத மந்திரம். 1968 முதல் 1993-இல் இறக்கும்வரை ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் அங்கே இருந்தார்; உலகெங்கிலுமிருந்து தேடி வந்தார்கள். அந்தத் துறவிகளின் உண்மையான தாகத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நம் ஊர்க் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் நடவு நட்டவர்கள், வலை இழுத்தவர்கள். உபநிடதம் அவர்களுக்கு எட்டாமல் வைக்கப்பட்ட ஒன்று. இந்தியப் பண்பாடு என்று எதை எடுக்கிறோம், யாருடையதை எடுக்கிறோம் என்பது அங்கே போதிய அளவு கேட்கப்படவில்லை. பறையும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் பண்பாடு இல்லையா?

இன்று யாராவது என்னிடம், அக்கம்பக்கத்தாரிடம் விசுவாசத்தை எப்படிப் பேசுவது என்று கேட்டால் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைத்தான் சொல்வேன். கத்தோலிக்கர், எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகள் எழுதியவர், திருவாவடுதுறை ஆதீனத்தோடு நெருங்கிய நட்பு. 1876–78 பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்துத் தன் சொத்தைக் கரைத்தார். அதைப் பார்த்து அவரைப் புகழ்ந்து பாடியவர் நந்தன் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். பிறர் சாமியை ஏசித் துண்டுப் பிரசுரம் நீட்டுவதைவிட, கஞ்சித்தொட்டி முன் நின்ற அந்த வரிசையில் சுவிசேஷம் அதிகம் பேசப்பட்டிருக்கும்.

எங்கள் ஊரில் சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டி வருவார்கள். வயலில் கிடை போடுவார்கள். இரவெல்லாம் ஆடுகளைச் சுற்றிக் காவல் படுத்திருப்பார்கள். கோடை விடுமுறையில் வேதாகமப் பள்ளி நடக்கும்போது எங்கள் உபதேசியார் பெத்லகேம் மேய்ப்பர்களின் கதையைச் சொன்னார். படத்தில் இருந்த மேய்ப்பர்கள் நீள அங்கி போட்ட வெள்ளைக்காரர்கள். அவர் படத்தை மூடி வைத்துவிட்டு, “நம்ம வயல்ல கிடை போட்டிருக்காங்கல்ல, அவங்கதான்” என்றார். எங்களுக்கு உடனே எல்லாம் புரிந்தது. இருட்டு, ஆட்டு வாடை, நாயின் குரைப்பு, எல்லாம்.

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: “அப்ப அவங்களை ஏன் சார் கோயிலுக்குக் கூப்பிடல?”

உபதேசியார் பதில் சொல்லவில்லை. ஜெபம் சொல்லி எங்களை அனுப்பிவிட்டார். அன்று இருட்டியபின் டார்ச் விளக்கோடு அவர் வரப்பில் கிடைப் பக்கம் போனதைப் பலரும் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவருக்கு வீட்டில் சோறு எடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கேயே சாப்பிட்டாயிற்று என்றாராம்.